மூன்று வாய் பஞ்சாமிர்தம்

நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டி எடுத்துப் பார்த்தாள் செண்பகம். இனிப்பு இன்னும் அங்கேயேதான் இருந்தது. எச்சிலைக் கூட்டி விழுங்கினால் போய்விடும் என்று விழுங்கினாள், விழுங்கின கையோடு, அடிப்பாவி, இதையும் உள்ளே அனுப்பிவிட்டாயே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். எச்சில் சாப்பாட்டுக் கணக்கில் சேராதுதான். பஞ்சாமிர்தம் சேருமே. மூன்று வாய். அதற்கு மேல் ஒரு மடக்குத் தண்ணீர், தீர்த்தம் என்ற பேரில். ராத்திரிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்று வார்டு சிஸ்டர் தலைபாடாக அடித்துக்கொண்டாள், ஏன் கூடாது என்றும் சொன்னாள், அதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம். மயக்கம் குடுத்ததும் வயித்துல இருக்கறது மேல ஏறி வரும்க்கா, வந்து மூச்சுக்குழாய்க்குள்ள இறங்கிரும், அப்புறம் இருதயத்தை எவ்வளவு நல்லாத் தைச்சு என்ன பிரயோசனம், என்று தலையணை உறையை மாற்றிக்கொண்டே சர்வசாதாரணமாகச் சொன்னாள். இப்போது தள்ளுவண்டியில் மல்லாக்கப் படுத்து, பச்சைத் துணி போர்த்தி, தலையில் ஒரு பிளாஸ்டிக் குல்லா மாட்டி, மதுரையில் இந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் நீண்ட நடையில் போய்க்கொண்டிருக்கும்போது, மேலே ஒரு விளக்கு வருகிறது, போகிறது, அடுத்த விளக்கு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் அந்த மூன்று வாயும் வயிற்றுக்குள் புரண்டு படுப்பது போலிருந்தது. வண்டி தள்ளுகிற அண்ணன் கிளம்பும்போதே கேட்டார், அவருக்கு அது வேலை, எல்லோரிடமும் கேட்பார்: ஒண்ணும் சாப்பிடலையேம்மா? இல்லண்ணே என்றாள். வாய் தானாகச் சொல்லியது. மனசு அது சொல்லி முடித்த பிறகுதான் வந்து சேர்ந்தது. கடைவாய்ப் பல்லில் கற்கண்டு ஒரு துணுக்கு மாட்டியிருந்தது, அதை நாக்கால் தள்ளித் துப்பலாம் என்றால் எங்கே துப்புவது, மல்லாந்து கிடக்கிறவள். அதுவும் கரைந்து உள்ளே போயிற்று.

ஏன் வாயைத் திறந்தாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வாள். வாயைத் தொற தாயி என்றார்கள், திறந்தேன். இதைப் போய் ஒரு டாக்டரிடம் சொல்ல முடியுமா. வெள்ளத்தாய் அத்தை, அவள் புருஷன் கனகவேலின் அம்மா, இரண்டு மாதமாக அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அந்த டாக்டருக்குத் தெரியுமா. ஒரே வீடு, ஒரே அடுப்படி. உங்கம்மாட்ட உப்பு எங்க இருக்குன்னு கேளு என்று பேத்தி மதிவதனியைத் தூது அனுப்புவாள், உப்பு டப்பா அவள் கண்ணுக்கு நேரே இருக்கும். எல்லாம் அந்தப் பங்குனி வெயிலில் வந்த வினை. கோவில்பட்டியில் தண்ணீர் வந்த நாள், குடத்தை இடுப்பில் வைத்து மாடிப்படி ஏறினவள் பாதிப்படியில் உட்கார்ந்துவிட்டாள், மூச்சு மேலேயும் வரமாட்டேன், கீழேயும் போகமாட்டேன் என்று நின்றது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார், வைத்த இடத்திலேயே ரொம்ப நேரம் வைத்திருந்தார், இது பிறந்ததுலேர்ந்தே இருக்கற ஓட்டைம்மா, இத்தனை நாள் யாரும் சொல்லலையா, இப்ப பக்கத்து வால்வும் தொங்கிப்போச்சு என்றார். கனகவேல் அவள் முகத்தைப் பார்த்தான். அந்த நேரத்தில் அவள் திடுக்கிட்டிருக்க வேண்டும். ஐயையோ, ஓட்டையா என்று நெஞ்சில் கை வைத்திருந்தால் போதும், பதினோரு வருஷக் குடித்தனம் அப்படியே நின்றிருக்கும். அவளுக்குத் திடுக்கிட வரவில்லை. மேசையில் கிடந்த காந்தக் குண்டூசி டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் புரிந்துகொண்டான். வெளியே வந்து வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் கொஞ்ச நேரம் சும்மா பிடித்துக்கொண்டு நின்றான், அவ்வளவுதான், நல்ல மனுஷன், ஒரு சொல் கேட்கவில்லை. அத்தைதான் கேட்டாள், அதுவும் அவளிடம் இல்லை, சுவரிடம். அவுக அம்மா உசுரோட இருந்தா நேருக்கு நேர் நின்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். அதோடு பேச்சு நின்றது. நேற்றுச் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்தும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டாள், கோபம் தீரவில்லை, ஊருக்குத்தான் போயிருப்பாள் என்று கனகவேலும் விட்டுவிட்டான். இன்று காலை அவன் ரத்தம் விஷயமாகக் கீழே போயிருந்தபோது வந்து நிற்கிறாள். ஈரத் தலை, நெற்றி நிறைய திருநீறு, கையில் பஞ்சாமிர்த டப்பா. பழனிக்குப் போயிட்டு வாரேன், வின்ச்சுல ஏறல, படியேறித்தான் போனேன் என்றாள். அவளுடைய முட்டி இருக்கிற லட்சணத்துக்கு எங்கள் தெரு முக்குக் கடைக்குப் போகவே இரண்டு இடத்தில் உட்கார்வாள் என்று செண்பகம் நினைத்தாள், நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது. டப்பா மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த தாளைப் பல்லால் கடித்துப் பிரித்தாள் அத்தை. வாயைத் தொற தாயி. சாப்பிடக் கூடாதுன்னாக அத்தை என்று ஒரு வாக்கியம் தொண்டை வரை வந்தது, சத்தியமாக வந்தது. ஆனால் இரண்டு மாதம் கழித்து வந்த முதல் சொல் அது. பிரசாதத்தைப் போய்ச் சாப்பாடு என்று யார் நினைப்பார்கள், அத்தை நினைக்கவில்லை, அவளுக்குத் தீட்டும் பசியும் தெரியும், மயக்க மருந்து தெரியாது. எனக்கு ஒரு வாய், எம்மவனுக்கு ஒரு வாய், புள்ளைக்கு ஒரு வாய் என்று விரலால் வழித்து வழித்து ஊட்டினாள். விரல் பல்லில் இடித்தது.

வண்டி நின்றது. லிஃப்டுக்காகக் காத்திருக்கிறார்களாம். சுவரில் நிஜம் போலவே வரைந்த ஒரு இருதயம், சிவப்பும் நீலமுமாக, அம்புக்குறி போட்டு. அதில் ஓட்டை இல்லை. செண்பகத்துக்குச் சின்ன வயதில் ஓட்டை என்றால் தகர டப்பாவில் ஆணி அடித்த ஓட்டைதான் தெரியும், அதன் வழியாக உள்ளே இருப்பது சொட்டுச் சொட்டாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது, ஒருநாள் காலியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் நெஞ்சை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு படுப்பாள். பொத்தினால் உள்ளே குறுகுறு என்று பூனைக்குட்டி உறுமுகிற மாதிரி ஒரு அதிர்வு இருக்கும். அம்மா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். சின்ன ஓட்டைதான், வளர வளரத் தானா மூடிக்கும் என்று திருநெல்வேலி டாக்டர் சொல்லிவிட்டார், அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா சாகும்வரை இருந்தாள். ஒவ்வொரு பொங்கலுக்கும், இப்ப மூடிருக்கும்ல என்பாள். மூடியிருக்கிறதா என்று போய்ப் பார்க்க மாட்டாள், போனால் மூடவில்லை என்று சொல்லிவிட்டால்? பள்ளிக்கூடத்தில் விளையாட்டு பீரியடில் ஓடச் சொன்னால் வயிற்றுவலி என்று சொல்லு. உதடு நீலமாயிருக்கே என்றால் நாவல்பழம் தின்னேன் என்று சொல்லு. யார் என்ன கேட்டாலும் ஒண்ணுமில்லன்னு சொல்லு, பொட்டப்புள்ள, நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போகணும். ஒரே ஒரு தடவை ஆசைக்கு ஓடினாள், ஏழாம் வகுப்பில், ஸ்போர்ட்ஸ் தினத்தன்று. மூன்றாவதாக வந்தாள். சோப்பு டப்பா பரிசு. அதைக் கொண்டுவந்து நீட்டினதும் அம்மா அறைந்தாள், அறைந்துவிட்டு அவள் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு அழுதாள், செண்பகத்துக்கு அழுகை வரவில்லை, அம்மாவின் தலைமுடிக்குள் வியர்வை வாடை அடித்தது, அது மட்டும் நினைவிருக்கிறது. பெண் பார்க்க வந்த அன்று கொசுவத்தைச் சரிசெய்துவிட்டுக்கொண்டே காதோடு சொன்னாள்: மூடிருச்சுன்னு நெனச்சுக்கோ. அதைப் பொய் என்று சொல்வதா. நினைத்துக்கொள்ளத்தானே சொன்னாள். நினைத்துக்கொண்டாள். பதினோரு வருஷமும் கனகவேலுக்கு முதுகு காட்டித்தான் படுத்தாள், அவன் கை தப்பித் தவறி நெஞ்சில் பட்டு அந்தப் பூனைக்குட்டியைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்கிற வழக்கம் ஒன்று இருந்ததே, அதுதான் காப்பாற்றியது, அம்மாவுக்குத் தெரிந்த டாக்டர், அம்மாவுக்குத் தெரிந்த நர்ஸ், வெளியே மூச்சு விடவில்லை. மதிவதனி பிறந்து கையில் கொடுத்ததும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை செண்பகம், ரத்தம் துடைக்காத அந்தச் சின்ன நெஞ்சில் காதை வைத்தாள். சுத்தமாக அடித்தது. அப்போதுதான் ஆணா பெண்ணா என்று கேட்டாள்.

லிஃப்ட் கதவு மூடினதும் வயிறு ஒரு தரம் மேலே எழும்பி இறங்கியது. எழும்புகிறது பார், இங்கேயே எழும்புகிறது, மயக்கத்தில் எழும்பாதா என்று வண்டியின் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் உண்மையைச் சொன்னால் பயம் இந்தப் பஞ்சாமிர்தத்தில் ஆரம்பிக்கவில்லை, அது பாவம் இன்று காலை வந்து சேர்ந்தது. பெரிய பயம் வேறே. உங்க இருதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சுட்டுத்தான் தைப்போம், அந்த நேரம் மெஷின் பார்த்துக்கும், என்று பெரிய டாக்டர் சொன்னார். நிறுத்தி வைப்பது என்றால். அது அம்மா வயிற்றில் ஆரம்பித்தது, அவளுக்குக் கண் காது மூக்கு வருவதற்கு முன்னாலேயே, அன்றிலிருந்து ஒரு நொடி சும்மா இருந்ததில்லை, ஓட்டையோடு ஓட்டையாக, தூங்கினபோதும், அம்மா செத்த அன்றும். அதைப் போய் நிறுத்துவார்களாம். நிறுத்தின நேரத்தில் செண்பகம் எங்கே இருப்பாள். செத்தவளுக்கும் நெஞ்சு நின்றுதான் போகிறது, இவளுக்கும் நின்றுதான் போகும், வித்தியாசம் அந்த மெஷினுக்குத் தெரியும், செண்பகத்துக்குத் தெரியுமா. கனகவேல் டூவீலர் மெக்கானிக், அவனுக்கு இது பிடிபட்டுவிட்டது. பக்கத்துப் படுக்கைக்காரியின் புருஷனிடம் நேற்றுப் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தான், இன்ஜினை ஓடவிட்டுக்கிட்டு வால்வு வேலை பார்க்க முடியுமாண்ணே, ஆஃப் பண்ணித்தான் ஆகணும், வேலை முடிஞ்சதும் ஒரே உதை, கிளம்பிரும். சொல்லிக்கொண்டே வந்தவன் அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டான். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனவன் ரொம்ப நேரம் வரவில்லை, வந்தபோது மூஞ்சியைக் கழுவியிருந்தான். மழைக்காலத்தில் அவன் பட்டறை வாசலில் எத்தனை வண்டியைப் பார்த்திருக்கிறாள். உதைப்பான், உதைப்பான், சட்டை நனைந்து போகும், கிளம்பாது. நாளைக்கு வாங்க சார் என்று அனுப்பிவிடுவான். இன்று காலையில் தாலியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள், உள்ளே உலோகம் எதுவும் ஆகாது என்றார்கள், மெட்டியையும் கழற்றியாயிற்று. அவன் அதைச் சட்டைப் பையில் போட்டு, பையைக் கையால் பொத்திக்கொண்டான். அவள் கையால் தாலியைக் கழற்றின நாள் நல்ல நாளா கெட்ட நாளா என்று அத்தையிடம் கேட்டிருக்கலாம். கேட்கிற நிலையிலா இருந்தார்கள்.

மூன்றாம் மாடி. பெரிய கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் கனகவேலும் அத்தையும் படியேறி வந்து நின்றிருந்தார்கள், இதற்கு மேல் நீங்க வரக்கூடாது என்று அந்த அண்ணன் சொன்னார். கனகவேல் அவள் கால் கட்டைவிரலைப் பிடித்து அமுக்கினான், வேறு எதைப் பிடிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. அத்தை டப்பாவை மடியில் செருகிக்கொண்டு கும்பிட்டாள், யாரைக் கும்பிட்டாள் என்று தெரியவில்லை, கதவைக் கும்பிட்ட மாதிரிதான் இருந்தது. இப்போது சொல்லிவிடலாமா. ஏங்க, அத்தை பிரசாதம் குடுத்தாக, நான் சாப்பிட்டேன். ஒரு வரி. அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குச் சினிமாப் படம் மாதிரித் தெரிந்தது. கனகவேலுக்குக் கோபம் வராது, வந்தால் தாங்காது, அம்மாவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பான், அறிவிருக்காம்மா. அத்தை அந்தக் கேள்வியோடு பழனிப் படி அத்தனையும் மறுபடி இறங்குவாள். இரண்டு மாதம் கழித்துத் திறந்த கதவு, இனி இந்த ஜென்மத்துக்கு மூடிக்கொள்ளும். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாமலும் போகலாம், மூன்று வாய்தானே, இந்நேரம் செரித்திருக்கும், பழம்தானே, குழந்தைகளுக்குக்கூட ஊட்டுகிறார்கள். ஆகிவிட்டால்? ஆகிவிட்டால் அத்தைக்குத் தெரியாமலா போகும். டாக்டர் வெளியே வந்து வயித்துல என்னமோ இருந்திருக்கு என்று சொல்வார், கனகவேல் யார் குடுத்தது என்று சுற்றிலும் பார்ப்பான், அத்தையின் மடியில் டப்பா இருக்கும். அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை, கதவு திறந்து வண்டி உள்ளே போய்விட்டது, குளிர் வந்து முகத்தில் அடித்தது.

உள்ளே ஒரு சின்ன இடத்தில் வரிசையாக வண்டிகளை விட்டிருந்தார்கள். பக்கத்து வண்டியில் ஒரு பெரியவர் முருகா முருகா என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார், பேசாமல் இருங்க தாத்தா, பிரஷர் ஏறும் என்றாள் ஒரு சிஸ்டர். கையில் ஊசி குத்தினார்கள். குத்தினதே தெரியவில்லை, ஒரு வலி பெரிதாக இருந்தால் சின்னது எட்டிப் பார்ப்பதில்லை. செண்பகத்துக்கு முருகா என்று சொல்லக்கூடப் பயமாக இருந்தது, அவன் கொடுத்ததுதானே உள்ளே கிடக்கிறது, அவனிடமே போய் இதை எப்படி முறையிடுவது. இன்னொன்றும் இருந்தது, அதை அவள் தன்னிடமே சொல்லிக்கொள்ளாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டாள். சொன்னால் இன்றைக்கு ஆபரேஷன் நடக்காது. இந்தக் குல்லாவைக் கழற்றிவிட்டு, வந்த வழியே திரும்பப் போய், படுத்து, இன்னொரு ராத்திரி கண்ணை மூடாமல் கிடந்து, மறுபடி இந்த வண்டியில் ஏற வேண்டும். அதற்குத் தைரியம் இருக்கிறதா. இல்லை. ஒரு தடவைக்கு என்று பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்த தைரியம், அதைக் காலையிலேயே செலவழித்தாகிவிட்டது. இரண்டாம் தடவைக்குக் கையில் ஒன்றும் இல்லை. ஓடிப்போய்விடுவாள். ஊருக்குப் போய், மூடிருச்சுன்னு நெனச்சுக்கோ என்று இருந்துவிடுவாள், இன்னும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ, எந்த மாடிப்படியில் உட்கார்கிறாளோ அதுவரை. அதனால் சொல்லாதே, செண்பகம், பேசாமல் கிட. உள்ளே பூனைக்குட்டி இன்று உறுமவில்லை, பிராண்டிக்கொண்டிருந்தது. எங்கேயோ டெலிபோன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை. அவளுக்குக் கை பரபரத்தது, எட்டு வருஷமாக கேஸ் ஏஜென்சியில் போன் எடுக்கிறவள், அடித்தால் எடுத்தாக வேண்டும். சிலிண்டர் எப்ப வரும் என்பார்கள், லோடு வந்துட்டே இருக்குண்ணே என்பாள், லோடு கிளம்பியே இருக்காது. அந்தப் பொய்யெல்லாம் யாரையும் கொன்றதில்லை. ஒரே ஒரு பேச்சில் மட்டும் பொய் இல்லாமல் பேசுவாள். கேஸ் வாடை வருதும்மா என்று யாராவது கூப்பிட்டால் அவள் குரலே மாறிவிடும் என்று முதலாளி சொல்வார். சுவிட்ச் எதையும் தொடாதீங்க, ஜன்னலைத் தொறங்க, எல்லாரும் வெளிய வாங்க. போன மழைக்காலத்தில் ஒரு பெண் கூப்பிட்டாள், காலையிலிருந்து வாடை அடிக்கிறது, சொன்னால் வீட்டில் திட்டுவார்கள் என்று அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டுச் சும்மா இருந்திருக்கிறாள், தலை சுற்றின பிறகுதான் போன் செய்கிறாள். செண்பகத்துக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. திட்டு வாங்கினா காது வலிக்கும், அவ்வளவுதானம்மா, சொல்லாம இருந்தா வீடே போயிரும்ல, என்று கத்தினாள், பக்கத்து மேசையில் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எவ்வளவு வாய். ஊராருக்கு எவ்வளவு வாய். டெலிபோன் நின்றுவிட்டது.

"செண்பகவல்லி தானே?" பச்சைக் குல்லாவும் முகமூடியுமாக ஒரு டாக்டரம்மா குனிந்தாள். கண் மட்டும்தான் தெரிந்தது, தூக்கம் கெட்ட கண். "நான்தான் உங்களுக்கு மயக்கம் குடுக்கப் போறேன். பயப்படாதீங்க. ராத்திரியிலிருந்து ஒண்ணும் சாப்பிடல, தண்ணி குடிக்கல, சரியா?"

இல்ல டாக்டர் என்று வாய் தயாராக இருந்தது. அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, உதடு அந்த வடிவத்துக்கு வந்தேவிட்டது, ஒண்ணுமில்ல, வயிற்றுவலி, நாவல்பழம், மூடிருச்சு, எல்லாம் ஒரே வாய்தானே. அந்த வாய்க்குள் இனிப்பு இருந்தது. அந்தக் கடைசி வாயை அத்தை ஊட்டும்போது, புள்ளைக்கு என்று சொல்லி ஊட்டினாள். மதிவதனிக்குத் தலை பின்னத் தெரியாது, இரண்டு பக்கமும் கோணல் மாணலாக வகிடு எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள், பின்னிவிடும்மா என்று. செண்பகம் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்தின கை, இழுத்தது, வலித்தது, விடவில்லை.

"சாப்பிட்டேன் டாக்டர்."

"என்னது?"

"பஞ்சாமிர்தம். மூணு வாய். தண்ணியும் குடிச்சேன். இப்பக் காலையிலதான், கிளம்புறதுக்குக் கொஞ்சம் முன்னாடி." சொல்லச் சொல்லக் குரல் தன்னுடையது மாதிரியே இல்லை, கேஸ் ஏஜென்சிக் குரலாக இருந்தது. "என்னைய மயக்கிராதீங்க."

டாக்டரம்மா நிமிர்ந்து நின்றாள். திட்டுவாள் என்று செண்பகம் கண்ணை மூடிக்கொண்டாள். திட்டவில்லை. பக்கத்துப் பெரியவர்கூட முருகனை நிறுத்திவிட்டார். "யாரு குடுத்தா?" என்று கேட்டாள்.

"வாங்கிச் சாப்பிட்டது நான்தானே டாக்டர்."

"நல்லவேளை சொன்னீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டே சிஸ்டர் பக்கம் திரும்பினாள். "பெரிய டாக்டர்ட்ட சொல்லிடுங்க. இவங்க இன்னைக்கு வேண்டாம், நாளைக்குக் காலையில எடுத்துக்கலாம். வார்டுக்கு அனுப்புங்க." நாளைக்கு. அந்தச் சொல் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. நாளைக்கு மறுபடி முதலிலிருந்து, விளக்கு, லிஃப்ட், குளிர், ஊசி, எல்லாம். செண்பகத்துக்கு அப்போதுதான் உடம்பு உதற ஆரம்பித்தது, பல் கிட்டியது, இன்னொரு போர்வை கொண்டுவந்து போட்டார்கள், அதற்கும் அடங்கவில்லை, போட்டபடியே வண்டியைத் திருப்பினார்கள்.

கதவுக்கு வெளியே நாற்காலிகள் காலியாகக் கிடக்க, வெள்ளத்தாய் அத்தை தரையில்தான் உட்கார்ந்திருந்தாள். நாலைந்து மணி நேரம் ஆகும் என்று சொல்லி அனுப்பின வண்டி, போன சூட்டோடு திரும்பி வருகிறது. தலைவரை இழுத்துப் போர்த்தின இரண்டு போர்வை. செண்பகத்துக்குப் போர்வை இடுக்கு வழியாகத்தான் தெரிந்தது. அத்தை எழுந்தாள், எழுந்தவள் சுவரைப் பிடித்தாள், சுவர் நிற்கவில்லை போல, அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். அழவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. மடியிலிருந்து டப்பா விழுந்து உருண்டுபோனது. "நாங் குடுத்தேன்" என்றாள், யாரிடமும் இல்லை. "ஐயோ, என் கையால நாங் குடுத்தேன்."

செண்பகம் போர்வையைத் தள்ளிவிட்டு முழங்கையை ஊன்றி எழும்பினாள். "அத்தை. உசுரோடதான் இருக்கேன். உள்ள சொல்லிட்டேன். இங்க பாருங்க."

அத்தை பார்த்தாள். பார்த்தும் நம்பவில்லை, எழுந்து வந்து அவள் கன்னத்தைத் தொட்டாள், மூக்கடியில் விரலை வைத்து மூச்சைப் பார்த்தாள். கனகவேல் ஓடி வந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "என்னாச்சு? ஏன் திருப்பிட்டாங்க? என்னத்தக் குடுத்தீங்க?"

செண்பகத்தின் வாய்க்கு ஒண்ணுமில்ல என்று வந்தது. பழக்க தோஷம். ஆனால் அதற்குள் அத்தை முந்திக்கொண்டாள். "நாந்தாம்ல. பழனிப் பிரசாதம். சாமி குடுத்தது என்ன பண்ணப்போவுதுன்னு ஊட்டிட்டேன். ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு இப்பத்தான் இந்த வாசல்ல சொன்னாக. என்னையக் காட்டிக்குடுக்கக் கூடாதுன்னு இவ முழுங்கிட்டு உள்ள போயிருக்கா. அங்க போய்ச் சொல்லிருக்கா. சொல்லாம விட்டிருந்தா…" கனகவேல் கையை ஓங்கவுமில்லை, அறிவிருக்கா என்று கேட்கவுமில்லை. சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். டப்பாவை அந்த வண்டி தள்ளுகிற அண்ணன்தான் எடுத்துவந்து கொடுத்தார், கொடுக்கும்போது, இன்னைக்கு ராத்திரிக்கு மேல பச்சைத் தண்ணி காட்டக்கூடாதும்மா என்றார்.

வார்டில் மறுபடி அதே கட்டில். அதே தலையணை உறை. கனகவேல் சிஸ்டரிடம் திட்டு வாங்கப் போயிருந்தான். உதறல் நின்றிருந்தது, பயம் நிற்கவில்லை, அது எங்கேயும் போகப்போவதாக இல்லை, தலைமாட்டில் இடம் பிடித்துக்கொண்டுவிட்டது. அத்தை ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள், "எங்கன இருக்கு, இங்கனயா?"

செண்பகம் அத்தையின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். அம்மாவுக்கும் டாக்டர்களுக்கும் அப்புறம் அங்கே யார் கையும் பட்டதில்லை. சொரசொரத்த கை, பஞ்சாமிர்த வாடை இன்னும் போகவில்லை. உள்ளங்கைக்கு அடியில் அது குறுகுறு என்று உறுமியது. அத்தை திடுக்கிட்டாள், கையை எடுக்கப்போகிறாள் என்று நினைத்தாள் செண்பகம்.

"இதை வெச்சுக்கிட்டா இத்தன வருசம் எனக்குக் குடம் தூக்குன?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ யாரையோ டீ வாங்கிவரச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மா இருந்தால் இப்போது எதைச் சொல்லச் சொல்வாள் என்று அவளுக்குத் தெரியும்.

"பயமாருக்கு அத்தை" என்றாள். முப்பத்துநாலு வயதில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னாள்.

சாமி இருக்கு, ஒண்ணும் ஆகாது என்று அத்தை சொல்லவில்லை. "எனக்குந்தான்" என்றாள். கையை எடுக்கவில்லை.